பார்ப்பவர் ஒருவர்

கணினிக்கு நெட்வொர்க் முகவரி கிடைக்கவில்லை, அவ்வளவுதான், தீப்பிடிக்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டே மணமேடைக்குப் பக்கவாட்டில், பாத்திர அறை வாசலில், ஸ்டூல் மேல் வைத்த கணினிக்கு முன்னால் குந்தியிருக்கிறேன். திரையின் கீழ்மூலையில் மஞ்சள் முக்கோணம், சாலையில் பள்ளம் பார்த்துப் போ என்று நட்டு வைத்த பலகைபோல. கையில் தேயிலை வாசம். ராத்திரி முழுக்க ஃபேக்டரியில் ட்ரையர் முன்னால் நின்றுவிட்டு, குளிக்காமல், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்த உடம்பு. கண்ணுக்குள் இன்னும் சூடு ஓடுகிறது. வெளியே பனி இறங்கி மண்டபத்து ஜன்னல்கள் வெள்ளையாகிவிட்டன. வால்பாறையில் விடிந்துவிட்டது என்பதை வெளிச்சத்தைவிடச் சமையல்கட்டிலிருந்து வரும் நெய் வாசனைதான் சொல்கிறது. ஏழரைக்குள் தாலி. அதைப் பஞ்சவர்ணம் பார்க்கவேண்டும். பெற்ற மகள் கல்யாணம். குவைத்தில் ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர், அவருக்கு ராத்திரித் துணை இவள். லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. அந்த வீட்டு வழக்கப்படி அவளுடைய போன் வெள்ளிக்கிழமை மட்டும்தான் அவள் கைக்கு வரும். போன வெள்ளிக்கிழமை மகளிடம் சொல்லியிருக்கிறாள், மேடம் நல்லவங்கதான் ரேணு, நீங்க அனுப்பின லிங்கைப் பெரியவர் ரூம் டிவியில போட்டு வச்சிட்டுத் தூங்கப் போறேன்னாங்க, அந்த ஒரு லிங்க்தான், அதை மாத்திராதீங்க, எனக்கு வேற எதையும் அமுக்கத் தெரியாது. அந்த லிங்க்குக்குப் படம் அனுப்புகிற சாவி இந்தக் கணினிக்குள் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. வீடியோக்காரர் ரியாஸின் கேமராவிலிருந்து ஒரு ஒயர் இதற்குள் வருகிறது, இதிலிருந்து இன்னொரு ஒயர் சுவரோரமாகப் போய் மண்டபத்து ரூட்டருக்குள் நுழைகிறது, அங்கிருந்து மலையிறங்கி, ஆழியாறு தாண்டி, கடல் தாண்டி, அந்த டிவி. நடுவில் இந்த ஒயர்த்துண்டில் எல்லாம் நின்றுவிட்டது. இந்நேரம் அவள் உட்கார்ந்திருப்பாள். கறுப்புத் திரை, நடுவில் வட்டம் சுற்றும். பெரியவர் தூக்கத்தில் இருமுவார். அவள் எழுந்துபோய் நெஞ்சைத் தடவிவிட்டு மறுபடி வந்து உட்காருவாள். வட்டம் சுற்றும்.

இந்தக் கணினிப் பெட்டி இப்போது கத்திக்கொண்டிருக்கிறது. மேளச் சத்தத்தில் மட்டுமல்ல, எந்த நிசப்தத்திலும் நமக்குக் கேட்காது, ஒயருக்குள் கத்துகிறது. அனுப்புகிறவர் என்ற இடத்தில் எல்லாம் சுழி. பெறுகிறவர் என்ற இடத்தில் இருப்பதிலேயே பெரிய எண், அதாவது எல்லோருக்கும். நான் யாருமில்லை, எல்லோருக்கும் சொல்கிறேன், எனக்கொரு இடம் கொடுப்பவர் யாராவது இருக்கிறீர்களா. இதை முதன்முதலாகப் படித்த ராத்திரி எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆபீஸில் வேண்டாமென்று கழித்துப்போட்ட கணினி, அதை ஃபேக்டரி மாடியில் கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு மேஜைமேல் வைத்து, விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவில், இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். படித்துவிட்டு எழுந்து தொட்டிகளுக்கிடையே நடந்தேன். பச்சை இலை பாய்போல விரிந்து கிடக்கிறது, கீழிருந்து காற்று அதை மூச்சுவிட வைக்கிறது, நான் நடக்கிறேன். பெயர் இல்லாதவன் எப்படிப் பேசத் தொடங்குவான், அவனுக்கு எப்படிப் பதில் சொல்வது, அவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாதபோது, இதை யாரோ ஒருத்தர் உட்கார்ந்து யோசித்திருக்கிறாரே. அந்த மனுஷனை நினைத்தால் கும்பிடத் தோன்றியது. பதில் வரும்: இந்தா, இந்த எண்தான் உன் முகவரி, இவ்வளவு நேரத்துக்கு உனக்கு. பெட்டி உடனே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளாது. இன்னார் கொடுத்த இந்த எண்ணை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று மறுபடியும் எல்லோருக்கும் கேட்கச் சொல்லும், நிச்சயதாம்பூலத்தில் சபையறிய வாசிக்கிற மாதிரி. சரி என்று ஒரு பதில் வரும். முடிந்தது, இனி அது உலகத்தில் ஒரு ஆள். ஒரு கண்சிமிட்டலுக்குள் இவ்வளவு மரியாதை நடந்து முடிந்துவிடும். வீட்டுக்கு வீடு, ஆபீஸுக்கு ஆபீஸ், ஒவ்வொரு தடவை பொத்தானை அமுக்கும்போதும் நடக்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பதில் வராவிட்டால்? அதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம், பகலில் தூங்குகிறவனை எது தூங்கவிடாது என்று கேட்டால் இந்த மாதிரி விஷயங்கள்தான். கத்திக் கத்திப் பார்த்துவிட்டுப் பெட்டி தானே ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளும். அதையும் அடாவடியாக எடுக்காது, இந்த எண் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கிறதா என்று இருட்டில் ஒரு தரம் கேட்டுவிட்டு, மூச்சுப் பேச்சு இல்லையென்றால்தான் போட்டுக்கொள்ளும். நூற்று அறுபத்தொன்பது, இருநூற்று ஐம்பத்து நான்கு என்று தொடங்கும். இதோ இப்போது திரையில் அதுதான் நிற்கிறது. இந்த எண்ணை வைத்துக்கொண்டு வாசல் தாண்ட முடியாது. தன்னைப்போலவே பதில் கிடைக்காமல் தானே எண் போட்டுக்கொண்டவர்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களோடு மட்டும் பேசலாம். பஞ்சவர்ணமும் நானும் ஒரே ஷிஃப்டில் இருந்த வருஷங்களில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவள் கீழே தூள் சலிக்கிற இடத்தில், முந்தானையை மூக்குவரை கட்டிக்கொண்டு, நான் ட்ரையரில். ஊர் தூங்கும்போது டீ குடிக்க வெளியே வருவோம். புருஷன் போன பிறகு அவளுக்குப் பகலில் பேச ஆளில்லை, எனக்குப் பகலே இல்லை. என்ன பேசினோம். ஒன்றும் பேசவில்லை. யானை கடந்ததா, மழை வருமா. ஒருநாள் அவள், "சவரி, நாம விழிச்சிருக்கறது அந்த யானைக்கு மட்டுந்தான் தெரியும்" என்றாள். அதற்கு நான் சிரித்தேனா, சிரிக்கவில்லையா, ஞாபகமில்லை. குவைத் போகப் பஸ் ஏறுகிற அன்றைக்குக் காலையில் ஃபேக்டரி கேட்டில் நின்று, ரேணு கல்யாணத்துக்கு நான் வரமுடியாமப் போச்சுன்னா நீதான் எப்படியாச்சும் எனக்குக் காட்டணும் என்றாள். சரி என்றேன். இவ்வளவு தூரத்தை எப்படி என்று அன்றைக்கு எனக்கு ஒரு எழவும் தெரியாது. தெரியாமலே சரி என்றேன்.

ஒயரைப் பிடுங்கிச் செருகியாயிற்று. இந்த முனை, அந்த முனை. வேறு ஒயர் மாற்றியாயிற்று. ரூட்டரில் பச்சை விளக்கு கண்ணடிக்கிறது, ஒயருக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கணினியின் கறுப்புக் கட்டளைத் திரையைத் திறந்து, கையிலிருப்பதை விடு, மறுபடி கேள் என்று கட்டளை கொடுத்தாயிற்று. விட்டது. கேட்டது. காத்திருந்தது. தொடர்புகொள்ள முடியவில்லை என்று எழுதியது. மறுபடி கேட்கச் சொன்னேன். பெட்டிக்கு வெட்கம் கிடையாது, அதுதான் அதனிடம் எனக்குப் பிடித்தது, எத்தனை தடவை இல்லையென்றாலும் முதல் தடவை கேட்கிற அதே குரலில் கேட்கிறது. நானெல்லாம் ஒரு தடவை கேட்டுப் பதில் வராவிட்டால் ஜென்மத்துக்கும் கேட்காதவன். "என்ன சவரி, வந்துருச்சா?" பெண்ணின் தாய்மாமன் குழந்தைவேல், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தலைக்கு மேல் நிற்கிறார். "வந்துரும்." "இதைத்தான் பல்லு விளக்கறதுக்கு முன்னாடியிருந்து சொல்ற." "நீங்க நின்னா வர்றதும் வராது, போங்க." போகவில்லை. குரலைத் தாழ்த்தி, "அக்காவுக்கு நாந்தான் சத்தியம் பண்ணிக் குடுத்தேன்" என்றார். அந்த ஆளும் சரி என்று சொன்னவர்தான். இந்த மலையில் அவளுக்கு எத்தனை பேர் சரி சொல்லியிருக்கிறோமோ.

ரூட்டரை அணைத்துப் போட்டுவிடலாமா என்று மண்டபம் பார்த்துக்கொள்கிற மாசாணத்தைக் கேட்டதற்கு அவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ரூட்டருக்கு முன்னால் போய் நின்றுவிட்டான். "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். போன கல்யாணத்துல ஒருத்தர் இப்படித்தான் அணைச்சுப் போட்டாரு. செவப்பு வெளக்கு எரிஞ்சிது. பொள்ளாச்சியிலருந்து ஆளு வர்ற வரைக்கும் எரிஞ்சிது." நேற்று மத்தியான மழையிலிருந்து செல் டவரும் வேலை செய்யவில்லை. மலையில் வெளியுலகத்துக்கு இருக்கிற ஒரே வழி இந்தச் சின்ன வெள்ளைப் பெட்டிதான். வந்த சனத்துக்கு அசௌகரியம் வேண்டாமென்று மாசாணம் நேற்றே வாசல் பலகையில் மணமக்கள் பேருக்குக் கீழே, வருக வருகவுக்கும் மேலே, வைஃபை பாஸ்வேர்டைச் சாக்பீஸில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறான். நல்ல மனசு. வரவேற்புக்கு வந்த சனமெல்லாம் சந்தனம் எடுத்துக்கொண்டதோ இல்லையோ, அதை எடுத்துக்கொண்டது. அதில் என்ன தப்பு என்று அப்போது நினைத்தேன். இப்போதும் நினைத்துவிட்டு நகரப் பார்த்தேன், ஆனால் நகரமுடியாமல் அந்த நினைப்பில் ஏதோ சட்டை மாட்டிக்கொண்டது, முள்வேலியில் மாட்டிக்கொள்கிற மாதிரி. என்ன அது. தூக்கம் இல்லாத மண்டை, ஓரம் வரை வந்துவிட்டு விழாமல் நிற்கிறது.

நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கிக்கொள்ள நிறுத்தியவர் போனை எடுத்துப் பார்த்தார், என் பக்கம் திரும்பி, "தம்பி, கம்ப்யூட்டர் நீங்கதான பாக்குறீங்க. எனக்கும் முகவரி பெறுகிறது, பெறுகிறதுன்னே காட்டுது. பெறவே மாட்டேங்குது. இவனுக்கு மட்டும் வருது" என்று தவில்காரரைக் காட்டினார். "நான் நேத்து ராத்திரியே வந்து இங்கயே படுத்தவன் அண்ணே. நீங்க இப்ப முதல் பஸ்ஸுக்கு வந்தவரு. லேட்டா வந்தா இடம் இருக்காது" என்று தவில்காரர் வாருக்குள் விரலை விட்டுச் சொறிந்துகொண்டே சிரித்தார். இடம் இருக்காது. நான் எழுந்து நின்றுவிட்டேன். பாத்திர அறைக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டுக்கூடம், கதவு திறந்திருந்தது. காலை டிபனுக்கு முதல் பந்தி போட்டிருக்கிறார்கள். நீளமான வரிசை. பாதிப் பேர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மீதி நாற்காலிகளில் கைக்குட்டை. ஒன்றில் ஒரு குடை. ஒன்றில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. வாசலில் ஒரு கிழவர் நின்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார், யாருமில்லை, ஆனால் ஒன்றும் காலியுமில்லை. கை கழுவப் போனவர் வருவாரோ, போனில் பேசப் போனவர் வருவாரோ, பஸ்ஸைப் பிடித்து ஊருக்கே போய்விட்டாரோ, கைக்குட்டைக்கு அது தெரியாது. அது உட்கார்ந்திருக்கிறது. ரூட்டரிடம் இருக்கிற எண்கள் ஒரு பந்திக்கு இருக்கிற நாற்காலிகள் மாதிரி, அளவாகத்தான். நேற்று வரவேற்புக்கு வந்து, சாப்பிட்டு, மொய் வைத்து, ஜீப் ஏறிப் போனவர்களின் போன்களுக்கெல்லாம் ஒரு நாள் முழுக்க என்று இடம் கொடுத்துவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறது அந்த வெள்ளைப் பெட்டி. அவர்கள் இப்போது தூரத்து எஸ்டேட் லயத்து வீடுகளில் போர்வைக்குள் தூங்குகிறார்கள். அவர்களுடைய கைக்குட்டைகள் இங்கே. என் பெட்டி வாசலில் நின்று கத்துகிறது, ரூட்டருக்குக் கேட்காமல் இல்லை. கொடுக்க ஒன்றுமில்லை. இத்தனை நேரம் நான் அதைச் செவிடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவோ போனவர்களுக்குக் கொடுத்த வாக்கை மீறாமல் வாய் மூடி உட்கார்ந்திருந்திருக்கிறது. அதைப் பார்க்கத் திரும்பினேன். தூசி படிந்த, தீப்பெட்டிக்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு சாமான். பச்சை விளக்கு. அதனிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை.

ஏதாவது ஒரு எண்ணை நானே எழுதிப் போட்டுவிடலாம், அதற்கு வழி இருக்கிறது. ரூட்டரின் எண் அதன் வயிற்றில் ஒட்டிய சீட்டில் இருக்கிறது, அதை ஒட்டி ஒன்று. போட்டேன். இது வேறொருவரிடம் இருக்கிறது என்று வந்தது. சரி, இல்லாத ஒருவருடையதைப் போட்டால்? ஊருக்குப் போனவரின் நாற்காலி. போகும், ஓடும். ஆனால் நடுவில் அந்த ஆள் குடையை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தால், அவர் போன் பையிலிருந்தபடியே மண்டபத்துக்குள் நுழைந்ததும் என் இடம் எங்கே என்று கேட்கும். ஒரு நாற்காலியில் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் இல்லாமல் போகும். அது தாலி கட்டுகிற அந்தக் கணமாக இருந்துவிட்டால். அந்தக் கணத்தில் அங்கே டிவியில் வட்டம் சுற்றினால். அடுத்த ஒரு மணி நேரம் போனைத் தொடவே மாட்டாத ஒரு ஆள் வேண்டும், நிச்சயமாக, சத்தியமாகத் தொடாத ஒரு ஆள். என்னுடையது நெட் இல்லாத பொத்தான் போன். மண்டபத்தைப் பார்க்கிறேன். ஒவ்வொரு கையிலும் ஒரு வெளிச்சம். சின்னக் குழந்தைகூட. ஐயர்கூட மந்திரத்துக்கு நடுவில் மடிக்குள் ஒருதரம் பார்த்துக்கொள்கிறார். இத்தனை பேரில் யார் தொடமாட்டார்கள் என்று சுற்றிச் சுற்றி வந்த கண் மணப்பெண் அறைக் கதவில் போய் நின்றது. இவ்வளவு நேரம் என் கண்ணுக்கு நேரேதான் இருந்தது அந்தக் கதவு.

ரேணுகா கூறைப்புடவையில் நின்றுகொண்டிருந்தாள், யாரோ ஜடையில் பூ தைத்துக்கொண்டிருந்தார்கள், அதனால் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினாள். அம்மாவின் கண். இதற்கு முன்னால் நான் கவனித்ததில்லை, அல்லது கவனித்துவிட்டுக் கவனிக்காததுபோல் இருந்திருக்கிறேன். "அம்மாவுக்குப் போகுதா மாமா?" "இல்லம்மா. உன் போன் வேணும். அணைச்சு வைக்கணும். அதுக்குக் குடுத்திருக்கிற நம்பரை எடுத்து கம்ப்யூட்டருக்குப் போடணும்." கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். "போனைக் குடுத்துட்டா மாப்பிள்ளை மெசேஜ் போட்டா எப்படிப் பாக்குறதாம்?" "மேடையில பக்கத்துலதானடி உக்காரப்போறாரு, காதுல சொல்லட்டும்." ரேணுகா சிரிக்கவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து, பூட்டைத் திறந்து, இரண்டு கையாலும் நீட்டினாள். "எது வேணுமோ எடுத்துக்குங்க மாமா. அம்மாவுக்குத் தெரிஞ்சாப் போதும்." நேற்றுச் சாயங்காலம் முதல் ஆளாக இந்த மண்டபத்துக்குள் வந்தவள் அவள். வரிசையில் முதல் எண் அவளுடையதுதான். அதைப் படித்தேன், வெளியே போகிற வாசலான ரூட்டரின் எண்ணையும் படித்தேன், வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். நாலு பேர் மேல் இடித்தேன். ஒருத்தர், "பாத்துப்பா, ஒனக்கா கல்யாணம்?" என்றார்.

தானாக முகவரி பெறு என்பதற்குப் பக்கத்தில் இருந்த புள்ளியை எடுத்தேன். கீழே காலிக் கட்டங்கள். ரேணுகாவின் எண்ணை அடித்தேன், ஒவ்வொரு இலக்கமாக. சரி என்பதை அமுக்கவேண்டும். விரல் அமுக்கவில்லை. பயம் இல்லை அது. ஒரு பெண்ணின் இடத்தில் ஒரு பெட்டி போய் உட்காரப்போகிறது, அவளை அவள் அம்மா பார்ப்பதற்காக, அவள் எழுந்து கொடுத்துவிட்டுப் போன இடம். ரூட்டருக்கு இது ரேணுகாதான், வேறு யாருமில்லை, நேற்றுக் கொடுத்த வாக்கு அப்படியே நிற்கிறது. அமுக்கினேன். முக்கோணம் இருந்தது. இருந்தது. இல்லை. "அண்ணே, போகுது" என்றார் ரியாஸ், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், ஏதோ நான் பக்கத்து அறைக்கு டார்ச் அடித்த மாதிரி. திரையில் அந்த லிங்க் திறக்கிற பக்கத்தில், மணமேடை சின்னதாக அசையத் தொடங்கிய சதுரத்துக்குக் கீழே, பார்ப்பவர் என்று ஒரு சொல்லும் பக்கத்தில் ஒரு எண்ணும் உண்டு. சுழி இருந்தது. பிறகு அது ஒன்று ஆனது.

ஒன்று. அவ்வளவு தூரத்துக்கு அந்தப் பக்கம், இன்னும் விடியாத ஒரு அறையில், வட்டம் சுற்றி நின்று, ஒரு முகத்தில் வெளிச்சம் விழுந்திருக்கிறது. எனக்கு அந்த முகம் இங்கிருந்து தெரியவில்லை, தெரிவது இந்த ஒன்று மட்டும்தான். யானைக்கு மட்டும் தெரிந்தது இப்போது எனக்கும் தெரிகிறது, அவள் விழித்திருக்கிறாள். கெட்டிமேளம் என்று யாரோ சொன்னார்கள், தவில் உடைந்து கொட்டியது, அரிசி பறந்தது, குழந்தைவேல் அழுவதை மறைக்க இருமினார், மண்டபமே மேடையைப் பார்க்கிறது, நான் தாலியைப் பார்க்கவில்லை, ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணெடுத்தால் அணைந்துவிடும் என்பதுபோல. அணையவில்லை. ரேணுகா எழுந்து, பெரியவர்கள் கால்களில் விழுவதற்கு முன்னால், யாரும் சொல்லாமல் கேமராவுக்கு நேரே வந்து நின்றாள். பிறகு மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து, இருவருமாக வெறும் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். சுற்றி நின்றவர்களுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் ஒதுங்கி வழிவிட்டார்கள், கேமராவுக்கு முன்னால் யாரோ வந்து நிற்கிற மாதிரி.

சனம் பந்திக்குப் போய்விட்டது. மேடையில் மிதிபட்ட பூ, சிந்திய அரிசி, புகை அடங்காத ஹோமம். ரியாஸ் கழுத்தை நெட்டி முறித்துக்கொண்டு, "தாலி முடிஞ்சுதுல்ல, நிறுத்திடலாமாண்ணே?" என்றார். ரேணுகா கை கழுவப் போகிற வழியில் என்னைப் பார்த்தாள், சட்டைப்பையைப் பார்த்தாள், போனைக் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கூடத்தில் மாசாணம் யாரையோ அதட்டுவது கேட்டது, கடைசி ஆளு எந்திரிக்காம இலையில கை வைக்காதீங்கப்பா, என்ன அவசரம். அதட்டிவிட்டு இந்தப் பக்கம் வந்தவன் மேடை விளக்குகளை அணைக்க சுவிட்சில் கை வைத்தான். "இருக்கட்டும்" என்றேன். "யாருக்குண்ணே? காலியாக் கெடக்குது." நான் திரையைக் காட்டினேன். காலி மேடை, அதற்குக் கீழே பார்ப்பவர் ஒன்று. அவன் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தான். சுவிட்சிலிருந்து கையை எடுத்தான். பக்கத்தில் கிடந்த நாற்காலியிலிருந்து யாருடையதோ கைக்குட்டையை எடுத்துவிட்டு உட்கார்ந்தான்.